திருகினால் வராத கை

ஆனைக்கல்வலசில் அர்த்தநாரி வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கியர் நாப் மனிதக் கை போலச் சூடாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு பூனை. மார்கழிக் குளிரில் அது, நான்கு விரல்கடை கீழிறங்கி மாட்டிக்கொண்ட கண்ணாடியின் இடைவெளி வழியாக உள்ளே புகுந்து, மெத்தென்ற இரண்டு இருக்கைகளையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே கியர் தண்டைச் சுற்றி உடம்பை வளைத்து, தலையை அதன் உச்சிக் குமிழான நாப்பின் மேல் சாய்த்துத் தூங்கியது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்த வசந்தாமணி நான்காம் நாள் காலையில் பூனையை விரட்டக் கதவைத் திறந்து கையை நீட்டியபோது, அவளுடைய உள்ளங்கை அந்த நாப்பின் மேல் பட்டது. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள், சாதத்தை வடித்தாள், குழம்பை இறக்கினாள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி தொட்டுப் பார்த்தாள். அப்போதும் சூடாகவே இருந்தது. அது தன் கணவனின் இடது கை என்பதில், இருபத்திரண்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தக் கார் அப்போது பதினான்கு மாதமாக ஓடவில்லை. அர்த்தநாரியும் பதினான்கு மாதமாக ஊரில் இல்லை.

இந்த இடத்தில் ஆனைக்கல்வலசின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர் என்று கணக்கிட்டால் சில வீட்டுக்கு இரண்டு பேர் வரும் அந்த ஊரில், லாரி முதலாளியுடையது, கியர் நாப் டிரைவருடையது. வேலைக்குச் சேருகிற டிரைவர் தன் சொந்த நாப்பைக் கொண்டுபோய் முதலாளியின் லாரியில் திருகிப் போட்டுக்கொள்வான். வேலையை விடும்போது முதலாளியே அதைத் திருகிக் கழற்றி டிரைவரின் இடது கையில் வைப்பார். அதோடு இருவருக்கும் இடையில் எல்லாம் முடிந்தது, இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பேச்சில்லை என்று அர்த்தம். வழியில் டிரைவர் இறந்துபோனால் நாப்பை அவன் மனைவி கையில் கொடுப்பார்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒருவன் யாரிடமும் சொல்லாமல் தன் நாப்பைத் தானே திருகி எடுத்துக்கொண்டு போய்விடுவது. 'கழட்டிட்டுப் போயிட்டான்' என்பதைவிடக் கேவலமான பேச்சு அந்த ஊரில் கிடையாது.

அர்த்தநாரி ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். லாரி நாக்பூர் தாண்டி ஒரு புளியமர நிழலில், ஒரு மூட்டை குறையாமல், தார்ப்பாய் முடிச்சு அவிழாமல், சாவி அதனிடத்திலேயே தொங்க நின்றது. கியர் தண்டின் தலையில் நாப் இல்லை. லாரியை எடுத்துவரப் போனவர்கள் திரும்பி வந்து அதை மட்டும் வசந்தாமணியிடம் சொல்ல வாய் வராமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருடன் ஜவ்வரிசியை விட்டுவிட்டு நாப்பையா திருடுவான் என்று ஊர் பேசியது. திருடன்தான் என்று வசந்தாமணி சொன்னாள். அவள் சொன்னதை யாரும் அவள் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் பெண்கள் அவளுக்குத் தனியாக நாற்காலி போட்டார்கள்.

வாசலில் நின்ற கார் அவன் போவதற்கு நான்கு வருடம் முன்பு வாங்கியது. இடது முழங்கால் கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோக, கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாக, ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் பழையதாக வாங்கினான். ஊரில் அதுதான் முதல் ஆட்டோமேட்டிக். வாங்கிய அன்று வழக்கப்படி தன் நாப்பைப் போட முயன்றான், பழையதைத் திருகினான், அது வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அந்த வண்டியில் இடது கைக்கு வேலை கிடையாது, டி என்ற எழுத்தில் ஒருமுறை போட்டால் கோயம்புத்தூர் வரை கியரைத் தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அர்த்தநாரி போகிற வழியெல்லாம் இடது கையை அதன் மேலேயே வைத்திருந்தான். முப்பது வருடப் பழக்கம். அந்தக் கை வேறு எங்கே போகும்?

சூடு தெரிந்த பிறகு ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாப் சூடாக இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், ஆள் உயிரோடு இருந்தால் வசந்தாமணி சுமங்கலி, சுமங்கலி என்றால் அவளுக்கு முன்வரிசை. இப்படித் தீர்மானித்துத் தனி நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நெடும்பயணம் போகும் டிரைவர்கள் லோடு ஏற்றியதும் அந்த வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கார்க் கதவைத் திறந்து, அர்த்தநாரியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்கள். அது திரும்பப் பிடித்தால் வழியில் பஞ்சர்கூட ஆகாது என்றும், ஈரமாக இருந்தால் அவன் இருக்கும் திசையில் மழை என்றும், பிசுபிசுத்தால் அவன் சாப்பிட்டுக் கைகழுவவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற கம்பவுண்டர் சென்னியப்பன் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, தெர்மாமீட்டரை நாப்பின் மேல் வைத்து அதைத் தன் உள்ளங்கையால் மூடி, வந்த எண்ணை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். ஒரு ஆவணி மாதத்தில் ஆறு நாள் நூற்றிரண்டு ஓடியது. ஊர் அந்த ஆறு நாளும் தாளிப்புச் சத்தத்தை அடக்கிக்கொண்டது. ஏழாம் நாள் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியதும் சென்னியப்பன் வாசலில் நின்று, "தேறிட்டானுங்கம்மிணி" என்றார். வசந்தாமணி அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பூனை இரண்டு முறை குட்டி போட்டது.

வசந்தாமணி பள்ளிச் சத்துணவு அமைப்பாளர். அந்த வருடம் அவளைப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றி உத்தரவு வந்தது. அங்கே எட்டரைக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும், முதல் பஸ் பத்து மணிக்கு. ஆடி ஒன்றாம் தேதிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். அந்த வேலையைத் தவிர அவள் பெயரில் வேறு எதுவும் இல்லை. வண்டி இருக்கிறது, ஓட்டக் கற்றுக்கொண்டால் போகிறது என்று அவள் லாரி மெக்கானிக் மாரப்பனிடம் போய்ச் சொன்னாள். மாரப்பன் அர்த்தநாரியின் வயதுக்காரர், அவனோடு ஒன்றாகப் படித்தவர். புதுப் பேட்டரி போட்டார், கண்ணாடியைச் சரிசெய்தார், சந்தைத் திடலில் காலை நேரத்தில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

மாரப்பன் கியரைப் போட்டபோது வண்டி போனது. வசந்தாமணி போட்டபோது போகவில்லை. பிரேக்கை மிதித்து, நாப்பின் பக்கத்திலிருந்த பட்டனை அழுத்தி, வண்டி நிற்கும் பி-யிலிருந்து ஓடும் டி-க்கு இழுத்தால், நாப் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. விடு என்றால் விட்டது, இழுத்தால் மறுபடி பிடித்தது. சந்தைக்குக் கிளம்பிய மனைவியின் கையை ஒருவன் திண்பண்டம் கேட்டு விளையாட்டாகப் பிடித்து நிறுத்துவதுபோல் முதலில் இருந்தது. பிறகு அப்படி இருக்கவில்லை.

"உங்க மேல கோவமாட்ட இருக்குதுங்க" என்றார் மாரப்பன்.

"அவருக்கா? எனக்குத்தானுங்க இருக்கோணும்."

பதினொரு நாள் அவள் அந்தக் கையோடு மல்லுக்கட்டினாள். கெஞ்சிப் பார்த்தாள், கேலி பேசிப் பார்த்தாள், வேலை போனால் வந்து சோறு போடுவீங்களா என்று கேட்டும் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் காலை, மாரப்பன் வருவதற்கு முன், வாசலிலேயே காரில் உட்கார்ந்து நாப்பின் மேல் கைவைத்தபோது அது அவளைப் பிடிக்கவில்லை. அது வேறொன்றைப் பிடித்திருந்தது. அவளுடைய விரல்களுக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே மெலிந்த விரல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் மோதிரம் இருந்தது, மோதிரம் குளிர்ந்திருந்தது. வசந்தாமணி கையை எடுக்கவில்லை. அந்த மெலிந்த விரல்களும் தங்கள் மேல் இன்னொரு கை இருப்பதை உணர்ந்ததுபோல ஒரு கணம் அசைவற்று நின்றன, பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக, அவன் கையை இறுக்கிக்கொண்டன.

அவள் காரிலிருந்து இறங்கி நேராக மாரப்பன் பட்டறைக்கு நடந்துபோய், நாப்பை மாற்றிக் கொடுங்கள் என்றாள்.

செய்தி பரவி, அன்று மாலை பால் சொசைட்டி முன்னால் ஊர் கூடியது. கழற்றினால் அவனுக்கு உயிர் போய்விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். லோடு ஏற்றிக் கிளம்பத் தயாராக இருந்த நான்கு டிரைவர்கள் தாங்கள் திரும்பி வரும்வரையாவது பொறுக்கச் சொன்னார்கள். சென்னியப்பன் ஐந்நூறு நாள் கணக்கு வைத்திருக்கும் நோட்டுகளைக் காட்டி, நன்றாக இருக்கும் ஆளை இப்படிச் செய்வது தர்மமில்லை என்றார். வசந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"அவரு கை என்னையப் புடிச்சுட்டு இருந்திருந்தா நானும் இருந்திருப்பேனுங்க. அது இன்னொருத்தியப் புடிச்சுட்டு இருக்குது. நடுவுல நான் எதுக்கு?"

ஆண்கள் அதை நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் மூன்று பெண்கள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகக் காரில் ஏறி நாப்பைத் தொட்டுப் பார்த்தார்கள், மூன்றாமவள் இறங்கும்போது கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்களோ, அதற்குப் பிறகு ஊரில் மறுப்பு இல்லை.

ஈரோட்டிலிருந்து புது நாப் பார்சலில் வந்தது. மாரப்பன் அதுவரை ஆட்டோமேட்டிக் வண்டியின் கியரைக் கழற்றியதில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் ஆயிரம் லாரி நாப்புகளைக் கழற்றியவர், நாப் என்றால் இடப்பக்கம் திருகினால் வருவது என்று அவர் கைக்குத் தெரியும். இடது இருக்கையில் உட்கார்ந்து, மனதுக்குள் அர்த்தநாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் பற்றித் திருகினார். அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து மறுபடி திருகினார். நாப் கால்வட்டம் திரும்பியது. முருங்கைக்காயை இரண்டாக முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. நாப்பின் மேல் வியர்வை முத்து முத்தாக அரும்பியது, பிறகு அது நடுங்கத் தொடங்கியது. மாரப்பன் இறங்கிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

ஒருமணி நேரம் கழித்து அவர் ஈரோட்டுக் கடைக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் பேசியவன் சிரித்தான். "திருகுனீங்களாண்ணா? அதுல திருகு மரையே கிடையாதுங்க. அடியில இருக்குற தோல் உறைய எறக்கீட்டு, கிளிப்ப உருவீட்டு, நேரா மேல இழுங்க. கையோட வந்துரும்."

அப்படித்தான் வந்தது. ஆனால் தோல் உறையை இறக்கியதும் மாரப்பன் குனிந்து பார்த்தார். நாப்பின் கழுத்தில், உறைக்குள் மறைந்திருந்த இடத்தில், குழாய் திருகும் ரிஞ்சு கவ்விய பல்தடம் வட்டமாக இருந்தது. பழைய தடம், அழுக்கேறியிருந்தது. வரிசையில் ஒரு பல்லின் தடம் மட்டும் இல்லை. மாரப்பன் பட்டறைக்குப் போய்த் தன் ரிஞ்சை எடுத்துவந்து தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பல் உடைந்த இடம் சரியாகப் பொருந்தியது.

"அம்மிணி, இது என்ற ரிஞ்சு. வடக்க போறதுக்கு மொத நாள் காத்தால வாங்கீட்டுப் போனான். சாயங்காலமே கொண்டாந்து குடுத்துட்டான்."

"எதுக்குன்னு கேக்கலீங்களா?"

"கேட்டனுங்க. தண்ணிப் பைப்புக்குன்னான்."

வசந்தாமணி தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "அன்னிக்குப் பைப்பு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் திருடன் என்ற சொல்லைச் சொல்லவில்லை. லாரியில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனவன் வீட்டில் இருந்ததையும் கழற்றப் பார்த்திருக்கிறான், திருகினால் வராததால் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஏறக்குறைய மூன்று வருடம் அவளுக்கு மிஞ்சியிருந்த சூடு, மரை இல்லாததால் மிஞ்சிய சூடு.

கழற்றிய நாப்பை ஒரு துணியில் சுற்றி முறத்தில் வைத்தாள். அது கொதித்தது. சென்னியப்பன் தெர்மாமீட்டர் வைத்தார், நூற்று மூன்று. அன்றே ஆளனுப்பி எலும்பு வைத்தியரை அழைத்து வந்தார்கள். வைத்தியர் முறத்தைப் பார்த்தார், எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை, இடது கையா வலது கையா என்று மட்டும் கேட்டார். உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு நான்கு வைத்து, துணிக்கட்டுக் கட்டினார். மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து மாற்றவேண்டும், தண்ணீர் படக்கூடாது, மண்டலம் ஒன்று ஆகும் என்றார். அந்தக் கட்டை மாற்ற எத்தனையோ பெண்கள் முன்வந்தும் வசந்தாமணி யாரையும் விடவில்லை. ஆடி ஒன்றாம் தேதியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், நான்கு மணிக்குத் திரும்பி வந்தாள், மூன்றாம் நாள் தோறும் முட்டை உடைத்துப் பற்றுக் குழைத்தாள். இன்னொருத்தி கை கோத்த கைக்கு நீ ஏன் பண்ணுகிறாய் என்று கேட்டவளிடம், ஒடைச்சது என் வாசல்ல என்று சொன்னாள். நாற்பத்தொன்றாம் நாள் வைத்தியர் கட்டைப் பிரித்து நாப்பை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்து, ஒட்டிவிட்டது, கொஞ்சம் கோணல் இருக்கும் என்றார்.

அன்றைக்கு அவள் அதைக் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினாள். யாருடையதோ அவர் வந்து கேட்கும்வரை அது அங்கே இருக்கட்டும் என்றாள். புது நாப் வெறும் நாப்பாக இருந்தது. காலையில் குளிர்ந்திருந்தது, வெயிலில் நின்றால் சுட்டது, சொன்ன எழுத்துக்குப் போனது. டிரைவர்கள் வாசலில் நிறுத்துவதைக் கைவிட்டார்கள். சென்னியப்பன் பழக்கத்தால் மேலும் சில நாள் ஏழு மணிக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆறேழு மாதம் கழித்து, மாசியில் ஒரு மத்தியானம், பள்ளிக்கு முட்டைத் தட்டுகள் வாங்கிக்கொண்டு பின் இருக்கையில் அடுக்கி அவள் பஸ் ஸ்டாண்டைக் கடந்தபோது, டீக்கடை நிழலில் நின்ற ஒரு ஆள் ரோட்டுக்கு வந்தான். தாடி நரைத்திருந்தது. சட்டை வேறு ஊர்த் தையல். இடது மணிக்கட்டு உட்பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது, அந்த வெயிலில் உடம்பெல்லாம் வியர்த்தும் அந்தக் கை மட்டும் வறண்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். டீக்கடையிலிருந்த டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

அர்த்தநாரி அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நின்றான். வலது கையைப் பையில் விட்டு லாரியில் கழற்றிய நாப்பை எடுத்து, எங்கேயும் தொலைக்கவில்லை என்று காட்டுவதுபோல் நீட்டினான். 

"வண்டியெல்லாம் ஓட்டறயாட்ட இருக்குது" என்றான்.

"ஓட்டறனுங்க."

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். போன வருடம் ஒரு நாள் பகலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் யாருமே இல்லாமல் இந்தக் கை திருகி முறிந்தது என்றும், முறிந்த வலியில் கிடந்த நாளெல்லாம் உளுந்து மாவும் முட்டையும் மணத்தது என்றும், அந்த வாசனை தாங்காமல் கூட இருந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள் என்றும் சொன்னான். கூட இருந்தவர்கள் யார் என்று அவள் கேட்கவில்லை.

"யாரு வசந்தா திருகுனது?"

"மாரப்பண்ணனுங்க. அதுக்கு முன்னால நீங்க."

 பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்து, அடிப்பதை நிறுத்திக்கொண்டது. வசந்தாமணி குனிந்து டேஷ்போர்டைத் திறந்து துணிமூட்டையை எடுத்துப் பிரித்தாள். லாரி நாப்போடு சேர்த்து அதையும் வாங்கிக்கொள்ள அவன் வலது கையையே நீட்டினான்.

"அந்தக் கை இல்லீங்க."

அவன் இடது கையை நீட்டினான். அவள் அதில் நாப்பை வைத்து, அவன் விரல்களைத் தொடாமல், துணியாலேயே மூடிவிட்டாள். கோணல் மணிக்கட்டிலிருந்து மேலே முழங்கை வரை நிறம் ஏறுவதையும், அந்தக் கை முதல்முறையாக வியர்ப்பதையும் அவள் பார்த்தாள். டீக்கடையிலிருந்த டிரைவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி கையால் நாப் வாங்கிய டிரைவரை அன்று முழுக்க யாரும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை, அதுவும் அந்த ஊர் வழக்கம்.

"வசந்தா, நான் சொல்றதக் கொஞ்சம்…" என்று அவன் முழங்கையைக் கண்ணாடியின் மேல் ஊன்றினான்.

"கைய எடுத்துக்குங்க. முட்டை வெயில்ல இருக்குது."

அவன் எடுத்தான். அவள் டி-யில் போட்டாள், வண்டி போனது. நின்றிருந்த பஸ் அவளைத் தொடர்ந்து மெதுவாக நகர்ந்தது. அர்த்தநாரி அதில் ஏற நான்கு எட்டு ஓடினான், படிக்கட்டுக்கு வந்தும் சேர்ந்தான், கம்பியைப் பிடிக்கப் போகும்போதுதான் இரண்டு கையிலும் இரண்டு நாப் இருப்பதும், இரண்டில் எதையும் விரல்கள் விடாததும் அவனுக்குத் தெரிந்தது.